அடிமை எப்படிச் சுதந்திரமானவன்? சரணாகதி பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: "சரணாகதியில்தான் உண்மையான விடுதலை என்று உபன்யாசங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். எல்லாவற்றையும் இன்னொருவர் காலடியில் வைத்துவிட்டு, அடியேன் என்றும் தாசன் என்றும் சொல்லிக்கொள்கிறவர் எப்படிச் சுதந்திரமானவர் ஆவார்? அடிமைத்தனத்துக்குப் பொட்டு வைத்துப் பூ வைப்பதுதானே இது? அப்புறம், எல்லாவற்றையும் அவன் பார்த்துக்கொள்வான் என்றால் நாம் எதற்கு முயற்சி செய்ய வேண்டும்?"

கேள்வியில் கொஞ்சம் எரிச்சல் தெரிகிறது. அது நியாயமானதுதான். சரணாகதி என்ற பெயரில் நம் கண்ணெதிரே நடப்பவற்றில் பாதி, நீங்கள் சொல்கிற அடிமைத்தனமேதான். ஆனால் சரணாகதி என்பதைப் பாடியவர்களும் அதற்கு இலக்கணம் எழுதியவர்களும் சொன்னது வேறு. எவ்வளவு கொடுத்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை. யாரிடம் கொடுத்தாய் என்றுதான் கேட்டார்கள். என் பதில் முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் சைவ நாயன்மாரான அப்பரிடம் போவோம். 7ஆம் நூற்றாண்டு. மருள்நீக்கியார் (அப்பரின் இயற்பெயர் இதுதான்) சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பெரிய இடத்தில் இருக்கிறார். சூலை நோய் வந்து வயிற்றைப் புரட்டி எடுக்கிறது. அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வருகிறார், 'கூற்றாயினவாறு' பாடுகிறார், நாவுக்கரசர் ஆகிறார். விட்டுவந்த இடத்தில் இருந்தவர்கள் பல்லவ மன்னனிடம் முறையிட, மன்னன் ஆளனுப்பிக் கூப்பிடுகிறான் என்கிறது பெரியபுராணம். இந்த மன்னனை முதலாம் மகேந்திரவர்மன் என்று அடையாளம் காட்டுவது வழக்கம். மண்டகப்பட்டிலும் மாமண்டூரிலும் மலையைக் குடைந்த ராஜா கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? அமைச்சர்கள் வாசலில் நிற்கும்போது அப்பர் பாடிய பாட்டு நம் எல்லோருக்கும் தெரியும்:

நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்
நரகத்தில் இடர்ப்படோம் நடலை இல்லோம்
ஏமாப்போம் பிணியறியோம் பணிவோம் அல்லோம்
இன்பமே எந்நாளும் துன்பம் இல்லை

மேடைகளில் இந்த நான்கு அடிகளோடு நிறுத்திவிடுவார்கள். கேட்கவும் வீரமாக இருக்கும். ஆனால் பாட்டு எட்டு அடி. மீதி நான்கில் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று அவரே சொல்லிவிடுகிறார். யாருக்கும் குடியல்லாத சங்கரனுக்கு, "கோமாற்கே நாம் என்றும் மீளா ஆளாய்" அவன் சேவடியைச் சேர்ந்துவிட்டோம் என்கிறார். மீளாத ஆள், திரும்பி வர வழியே இல்லாத அடிமை. 'நாம் யாருக்கும் குடியல்லோம்' என்பதும் 'மீளா ஆள்' என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. உங்களுக்கு முரணாகத் தெரிகிற அந்த இடம்தான் அவருக்கு ஆதாரம். அரசனிடம் இருப்பவை இரண்டு: தண்டிக்கிற கை, கொடுக்கிற கை. இவரை வழிக்குக் கொண்டுவர அந்த இரண்டில் ஏதாவது ஒன்று வேலை செய்ய வேண்டும். எமனுக்கே பயப்படாதவரைத் தண்டனை காட்டி மிரட்ட முடியாது. கொடுத்து மயக்கலாம் என்றால், உடுப்பது கோவணமும் கீளும் என்று அதே பதிகத்தில் பாடுகிறார். நாவலந்தீவு முழுவதையும் ஆளும் காவலரே ஏவி விட்டாலும் நாங்கள் கட்டுப்பட்டவர்கள் அல்ல என்று ஒரு பாட்டில் வருகிறது. பிறகு நீற்றறை (சுண்ணாம்புக் காளவாய்), நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியது என்று கதை போகிறது. அந்த அற்புதங்களை நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். பதிகம் நம் கையில் இருக்கிறது, அதை எழுதியவர் பயந்தவர் இல்லை.

வைணவத்திலும் இதே மாதிரி ஒரு கதை, காஞ்சிபுரத்தில். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் தன்மேல் பாடச் சொல்கிறான். மனிதரைப் பாடமாட்டேன் என்கிறார் கணிகண்ணன். நாட்டைவிட்டுப் போ என்று உத்தரவு. அவர் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்புகிறார். போகிற போக்கில் திருவெஃகாப் பெருமாளிடம், கணிகண்ணன் போகிறான், நானும் போகிறேன், நீயும் உன் பைந்நாகப்பாயை, அதாவது பாம்புப் படுக்கையை, சுருட்டிக்கொள் என்கிறார். பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனாராம். காஞ்சிக்குப் பக்கத்தில் ஓரிருக்கை என்ற ஊரைக் காட்டி, அன்று ராத்திரி தங்கியது இங்கேதான் என்பார்கள். மன்னன் ஓடிவந்து கெஞ்சிய பிறகே திரும்பினார்களாம். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர் வந்த காரணம் அதுதான். இங்கே யார் யாருக்கு அடிமை என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

சரி, இதெல்லாம் கதை, பாட்டு. தர்க்கமாகச் சொல்லுங்கள் என்பீர்கள். உங்கள் கேள்வியை ஏறக்குறைய இதே வடிவத்தில் வைணவ ஆசார்யரான ராமானுஜரே எழுப்பிக்கொள்கிறார். 'வேதார்த்த சங்கிரகம்' என்ற நூலின் கடைசிப் பகுதியில் இது வருகிறது. எதிராளி இரண்டு மனுஸ்மிருதி வரிகளைத் தூக்கிப் போடுகிறான். பிறர் வசத்தில் இருப்பதெல்லாம் துக்கம், தன் வசத்தில் இருப்பதே சுகம் என்பது ஒன்று. பிறருக்குச் சேவகம் செய்வது நாய்ப் பிழைப்பு என்பது மற்றொன்று. சாஸ்திரமே இப்படிச் சொல்லும்போது பகவானுக்கு அடிமையாக இருப்பது சுகம் என்று எப்படிச் சொல்கிறாய்?

ராமானுஜர் அந்த வரிகளைத் தள்ளவில்லை. எது சுகம் என்று படுவது, நாம் நம்மை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமோ அதைப் பொறுத்தது என்கிறார். சிங்கத்துக்கும் பன்றிக்கும் மனிதனுக்கும் இன்பம் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் உடம்பையே தான் என்று கொள்வதால் அப்படி. உடம்புதான் நான் என்று இருக்கிறவனுக்கு இன்னொருவர் வசத்தில் இருப்பது துக்கம்தான். ஆனால் ஆத்மாவின் இயல்பே பகவானைச் சார்ந்து இருப்பது என்று தெரிந்தவனுக்கு அந்தச் சார்பு வெளியிலிருந்து மாட்டிய விலங்காக இருக்காது. அப்படியானால் நாய்ப் பிழைப்பு? சேவைக்குத் தகுதியில்லாதவர்களுக்குச் செய்யும் சேவையைத்தான் சாஸ்திரம் அப்படித் திட்டுகிறது என்று முடிக்கிறார். அப்பர் பாட்டில் பார்த்ததையே இவர் தர்க்கமாகச் சொல்கிறார். நாம் எப்படியும் யாருக்கோ அடிமைதான்: சம்பளம் போடுகிறவருக்கு, ஊர் வாய்க்கு, நேற்று வந்த ஆசைக்கு. யாருக்கும் அடிமையில்லாத மனிதன் என்று ஒருவனை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

ராமானுஜர் தானே சரணாகதி செய்த இடமும் நாளும் சம்பிரதாயத்தில் பிரசித்தம். ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று நம்பெருமாளும் (ரங்கநாதரின் உற்சவர்) ரங்கநாயகித் தாயாரும் சேர்த்தியாக, ஒன்றாக எழுந்தருளியிருக்கும்போது, அவர்கள் முன்னால் நின்று 'சரணாகதி கத்யம்' என்ற உரைநடைத் துதியை விண்ணப்பித்தார் என்பார்கள். இன்றும் அந்தச் சேர்த்தியில் அவருடைய மூன்று கத்யங்களையும் சேவிக்கிறார்கள். முதலில் தாயாரிடம் போகிறார், பிறகுதான் பெருமாளிடம். அப்பாவிடம் கேட்க வேண்டியதை அம்மா வழியாகக் கேட்கிற வீட்டு வழக்கம் இங்கே தத்துவமாகவே ஆகியிருக்கிறது.

இனி, எதைத்தான் ஒப்படைக்கிறோம்? இங்கேதான் குழப்பம் அதிகம். வேலையை, குடும்பத்தை, புத்தியை, விருப்பத்தை எல்லாம் ஒப்படைத்துவிட்டு மரக்கட்டை மாதிரி உட்கார வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ராமானுஜருக்குப் பின் வந்த ஆசார்யர் வேதாந்த தேசிகர் 'ந்யாஸ தசகம்' என்று பத்தே சுலோகத்தில் சரணாகதி மொத்தத்தையும் அடக்கியிருக்கிறார். முதல் சுலோகத்திலேயே கணக்கு தெளிவாகிவிடும். நான், என்னைக் காப்பாற்றும் பொறுப்பு, காப்பாற்றியதால் வரும் பலன், இந்த மூன்றும் என்னுடையவை அல்ல, திருமகள் நாதனுடையவை என்று வைத்துவிடுகிறார். நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். என்னைக் கரை சேர்க்கும் பாரம். அதை இறக்கி வைப்பதால்தான் இதற்குப் பரந்யாசம் என்று பெயர்.

ராமானுஜர் வழி வைணவத்தில் வடகலை, தென்கலை என்று இரண்டு பிரிவு. வடகலைக் குடும்பங்களில் "பரந்யாசம் ஆயிடுத்தா?" என்று பெரியவர்கள் விசாரித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். நடப்பது பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. நாள் பார்த்து ஆசார்யரிடம் போகிறார்கள், நீராடி, திருமண் இட்டு, பஞ்சகச்சமோ மடிசாரோ கட்டிக்கொண்டு. ஆசார்யர் தன் குருவிலிருந்து தொடங்கி பெருமாள் வரை குருபரம்பரையைச் சொல்கிறார். சரணாகதி வாக்கியத்தைச் சொல்லச் சொல்ல இவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள், அல்லது இவர்களுக்காக அவரே பெருமாள் திருவடியில் சமர்ப்பிக்கிறார். விழுந்து சேவிக்கிறார்கள். தீர்த்தம், பிரசாதம். அவ்வளவுதான், எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தென்கலையாருக்குத் தனியாக இப்படி ஒன்று கிடையாது. தோளில் சங்கு சக்கரம் பொறித்துக்கொள்ளும் சமாச்ரயணத்திலேயே, ராமானுஜர் சம்பந்தத்தால், இது அடங்கிவிடுகிறது என்பது அவர்கள் நிலை.

இரண்டு கலைக்கும் பொதுவான ஒன்று உண்டு. சரணாகதியை ஒரு முறைதான் செய்ய வேண்டும். மறுபடி செய்தால் முதலில் செய்ததை நம்பவில்லை என்று பொருள். இதற்கு அனுமன் கதையைச் சொல்வார்கள். இந்திரஜித் விட்ட பிரம்மாஸ்திரம் அனுமனைக் கட்டிவிட்டது. அது போதாது என்று அரக்கர்கள் சணலையும் மரப்பட்டையையும் திரித்துக் கயிறாக்கி மேலே கட்டினார்கள். உடனே அஸ்திரம் கழன்றுகொண்டது. வேறொரு கட்டைச் சகிக்காது அது. சரணாகதியும் அப்படித்தான் என்பார்கள்.

இந்த 'ஒரு முறை' எவ்வளவு பெரிய விடுதலை என்று நம் வீடுகளைப் பார்த்தால் புரியும். பெயர்ச்சிக்குப் பெயர்ச்சி ஓட்டம், ஜோசியர் சொன்ன பரிகாரம், அது பலிக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன இன்னொரு பரிகாரம். இந்தக் கோயிலுக்குப் போய் அந்தக் கோயிலை விட்டுவிட்டோமே என்ற நடுக்கம் வேறு. பக்தி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பயந்தான். சரணாகதி செய்தவருக்கு இந்தக் கணக்குப் புத்தகத்தை மூடி வைக்க உரிமை வந்துவிடுகிறது. மூடுகிறார்களா என்றால், நிறையப் பேர் மூடுவதில்லை. பரந்யாசமும் ஆகி, பரிகாரத்துக்கும் போகிறவர்களை நான் நன்றாக அறிவேன். அவர்களைக் குறை சொல்லும் எண்ணம் இல்லை. பழகிய பயத்தை ஒரே நாளில் விடுவது லேசான காரியம் இல்லை.

அப்படியானால் முயற்சி? பரந்யாசம் ஆன மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல எழுந்து சந்தியாவந்தனம் செய்கிறார். ஆனால் சங்கல்பத்தில், பாவம் தொலைய என்பதைத் தாண்டி, பகவானின் ஆணையால், அவன் உகப்புக்காக, கைங்கர்யமாக (அவனுக்குச் செய்யும் தொண்டாக) என்று வருகிறது. தொடங்கும்போது, பகவானே தனக்கு உடைமையான இந்த ஆத்மாவைக் கொண்டு இந்தக் காரியத்தைச் செய்வித்துக்கொள்கிறான் என்று ஒரு வாக்கியம். முடிக்கும்போது, செய்வித்துக்கொண்டான் என்று அதே வாக்கியம். சாத்விகத் தியாகம் என்று இதற்குப் பெயர். கை இவருடையது, தண்ணீர் இவர் கையிலிருந்துதான் விழுகிறது. செய்ததற்கு உரிமை கொண்டாடுவதும், பலித்ததா என்று கவலைப்படுவதும்தான் போய்விட்டன. எல்லாக் காரியத்துக்கும் இது பொருந்தும். பரீட்சைக்குப் படிக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும், கடனைக் கட்ட வேண்டும். சரணாகதி செய்துவிட்டேன் என்று தவணை கட்டாமல் இருந்தால் பேங்க்காரர் வீட்டுக்கு வருவார், பெருமாள் குறுக்கே வரமாட்டார்.

அப்பரையே பாருங்கள். யாருக்கும் குடியல்லோம் என்ற மனிதர் கடைசி வரை கையில் உழவாரப் படையோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். திருக்கடம்பூரில் "தன் கடன் அடியேனையும் தாங்குதல், என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று வேலையை இரண்டு பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார். தாங்குவது அவன் வேலை. அந்த வேலையை இவர் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

இதில் சம்பிரதாயச் சண்டை ஒன்றும் உண்டு. குட்டிக் குரங்கு தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்வதுபோல நம் பக்கம் ஒரு சிறு முயற்சி வேண்டும் என்பது வடகலை. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல, தடுக்காமல் இருந்தால் போதும் என்பது தென்கலை. நூற்றாண்டுக்கணக்கில் ஏடு ஏடாக எழுதியிருக்கிறார்கள், கோர்ட்டு வரையிலும் போயிருக்கிறார்கள் (கோர்ட்டுக்குப் போனது பெரும்பாலும் யானைக்கு எந்தத் திருமண் இடுவது, யார் முதலில் பிரபந்தம் சேவிப்பது என்பதற்காக). உங்கள் கேள்விக்கு இந்தச் சண்டையால் பெரிய வித்தியாசம் வராது. இரண்டு தரப்பிலும் காப்பாற்றுவது தாய்தான்.

இப்போது நான் முக்கியமாக நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். தென்கலையார் போற்றும் ஆசார்யர் பிள்ளை லோகாசார்யர் 'ஸ்ரீவசன பூஷணம்' என்ற சூத்திர நூலில் சரணாகதிக்கு என்னென்ன விதி உண்டு என்று பட்டியல் போடுகிறார். இந்த இடத்தில்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. இந்த நேரம் என்று இல்லை. இப்படித்தான் என்ற முறை இல்லை. இன்னார்தான் செய்யலாம் என்று இல்லை. இந்தப் பலனுக்குத்தான் என்றும் இல்லை. திரௌபதி நீராடிவிட்டா சரணம் புகுந்தாள் என்று கேட்கிறார். சபை நடுவே, தீட்டோடு, ஒற்றை ஆடையோடு இருந்த நிலையில்தானே கூப்பிட்டாள்? இத்தனை விதிகளையும் தள்ளிவிட்டு ஒரே ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்கிறார்: யாரிடம் சரணம் புகுகிறோம் என்ற விதி.

இதற்கு ராமாயணத்திலேயே இரண்டு உதாரணம் அடுத்தடுத்து இருக்கின்றன. விபீஷணன் அண்ணன் ராவணனை எதிர்த்துப் பேசி, இலங்கையை விட்டு, கடல் தாண்டி வந்து வானத்தில் நிற்கிறான். அவன் சரணாகதி அரசனைப் பார்த்து 'மாட்டேன்' என்று சொன்னதில் ஆரம்பிக்கிறது, இதை மறக்கக்கூடாது. சுக்ரீவன் சந்தேகப்படுகிறான், இவன் ஒற்றன் என்கிறான். ராமன், ஒரு முறை 'உன்னுடையவன்' என்று வந்து கேட்டவனுக்கு எல்லா உயிரிடமிருந்தும் அபயம் தருவது என் விரதம் என்கிறான். வந்தது ராவணனாகவே இருந்தாலும் அழைத்து வா என்கிறான். சரி, சேர்த்துக்கொண்டாகிவிட்டது. இப்போது கடலைத் தாண்ட வேண்டும். சரணாகதி பலித்த சூட்டோடு விபீஷணனே யோசனை சொல்கிறான், கடலரசனைச் சரணம் புகலாம் என்று. ராமன் தர்ப்பையைப் பரப்பி மூன்று ராத்திரி கிடக்கிறான். கடல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் வில்லை எடுத்த பிறகுதான் ஓடிவந்தான். ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் திருப்புல்லாணியில் இன்றும் தர்ப்பசயன ராமனைச் சேவிக்கலாம்.

அதே கரை, அதே ராமன். ஒரு சரணாகதி பலித்தது, ஒன்று பலிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். ராமன் கதியற்றவன் இல்லை, வில் கையில் இருந்தது. கடலரசனிடம் வந்தவரைக் காக்கும் குணம் இல்லை. ராமனே விழுந்து கிடந்தாலும், தகாத இடத்தில் விழுந்தால் பலிக்காது என்று இதிகாசம் பச்சையாகச் சொல்லிவிட்டது. நாம் எம்மாத்திரம்?

உங்கள் எரிச்சலுக்கு நிஜமான காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பகவானுக்குச் செய்ய வேண்டிய சரணாகதியை மனிதர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். ஆசார்யனைக் கொண்டாடுகிற மரபு வைணவத்தில் ரொம்பவே அழுத்தமானது, ஆசார்யன் அபிமானமே கரையேற்றும் என்றுகூட அதே ஸ்ரீவசன பூஷணம் சொல்கிறது. ஆனால் அந்த நூலே ஆசார்யனுக்கு ஒரு கடிவாளமும் போடுகிறது. உபதேசம் செய்கிறபோது தன்னை ஆசார்யன் என்று நினைப்பதும், எதிரில் இருப்பவனைத் தன் சிஷ்யன் என்று நினைப்பதும், அதிலிருந்து பொருளோ புகழோ பலனாக வரும் என்று நினைப்பதும் கொடிய குற்றம் என்கிறது. அவர் தன்னையும் தன் ஆசார்யனுக்கு அடியவன் என்றுதான் கொள்ள வேண்டும். அவர் வேலை கையைப் பிடித்துப் பெருமாள் திருவடியில் சேர்ப்பது. சேர்ப்பதற்குப் பதிலாகத் தானே வாங்கி வைத்துக்கொள்கிறவர், பெற்றவர்களோடு பேசாதே என்கிறவர், சொத்தை எழுதி வை என்கிறவர், கேள்வி கேட்டால் சரணாகதி போதவில்லை என்கிறவர், இவர்கள் எந்தக் காவி கட்டியிருந்தாலும் சமுத்திர ராஜன்தான். அங்கே வில்லை எடுப்பதே தர்மம்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் பதில் நேர்மையாக இருக்காது. இன்னார்தான் என்ற விதி இல்லை என்று எழுதிய சம்பிரதாயம், நடைமுறையில் அதை எத்தனையோ முறை மீறியிருக்கிறது. மாறனேரி நம்பி என்ற தாழ்த்தப்பட்ட குலத்து அடியாருக்குப் பெரிய நம்பி அந்தணர்க்குரிய ஈமக்கடனைச் செய்தபோது ஊரார் அவரைத் தள்ளிவைத்தார்கள் என்று குருபரம்பரைக் கதைகளே சொல்கின்றன. பெரிய நம்பி ராமானுஜரின் ஆசார்யர்! தத்துவம் கதவைத் திறந்து வைத்தது, ஊர் சாத்தியது. சரணாகதி எல்லோருக்கும் விடுதலை என்று மேடையில் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

ஒப்படைத்த பிறகும் துன்பம் வருகிறதே, அதற்கு என்ன சொல்வது? மாணிக்கவாசகர் குழைத்த பத்தில் இதை நேராகவே எடுத்துக்கொள்கிறார். என் ஆவி, உடல், உடைமை எல்லாம் என்னை ஆட்கொண்ட அன்றே நீ கொண்டுவிட்டாய் அல்லவா, இன்று எனக்கென்று தனியாக ஓர் இடையூறு உண்டா என்று கேட்டுவிட்டு, "நன்றே செய்வாய் பிழை செய்வாய் நானோ இதற்கு நாயகமே" என்கிறார். நல்லது செய், தப்பும் செய், இதற்கு நானா சொந்தக்காரன்? இது விரக்தியில் சொன்னதுபோலத் தோன்றும். எனக்கு இது உரிமையோடு சொன்னதாகவே படுகிறது. பிழை செய்வாய் என்று கடவுளை முகத்துக்கு நேரே சொல்கிற தைரியம் கொத்தடிமைக்கு வராது. கோயில் திருப்பதிகத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், நீ தந்தது உன்னை, வாங்கிக்கொண்டது என்னை, நம் இருவரில் யார் கெட்டிக்காரன் என்று வியாபாரக் கணக்கே பார்க்கிறார். லாபம் தனக்குத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

சரணாகதி செய்த ஒருவர் எப்படி இருப்பார் என்று ஓர் ஆளைக் காட்டச் சொன்னால் நான் கூரத்தாழ்வானைக் காட்டுவேன். காஞ்சிக்குப் பக்கத்தில் கூரம் என்ற ஊரில் பெரிய செல்வந்தராக இருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ராமானுஜரிடம் வந்தவர். சோழ மன்னன், சிவனுக்கு மேல் தெய்வம் இல்லை என்று எழுதிய ஓலையில் கையெழுத்துப் போட ராமானுஜரை அழைத்தபோது, அவருடைய காவியை உடுத்திக்கொண்டு அவருக்குப் பதிலாக இவர் போனார், பெரிய நம்பியும் கூடப் போனார். இவர் கையெழுத்துப் போட மறுத்தார், கண்கள் போயின. இப்படி மாட்டிவிட மன்னனுக்கு யோசனை சொன்னவன் நாலூரான், ஆழ்வானிடமே பாடம் கேட்டவன். வருஷங்கள் கழித்து மேல்கோட்டையிலிருந்து திரும்பிய ராமானுஜர், காஞ்சி வரதன்மேல் ஸ்தோத்திரம் பாடிக் கண்ணைக் கேள் என்கிறார். ஆழ்வான் பாடினார். வரதராஜப் பெருமாள், என்ன வேண்டும் என்று கேட்டபோது, நான் பெறும் பேற்றை (மோட்சத்தை) நாலூரானும் பெற வேண்டும் என்றாராம். கண்ணைக் கேட்கவில்லை. ஆசார்யரே சொல்லி அனுப்பியதைக்கூட விட்டுவிட்டார் பாருங்கள். கண்ணைப் பறித்தவர்களால் அவரிடமிருந்து கோபத்தைக்கூடச் சம்பாதிக்க முடியவில்லை.

இவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லையே, நம்பிக்கையே அரைகுறைதானே என்று தோன்றலாம். ராமானுஜருக்கு முந்தைய ஆசார்யரான ஆளவந்தார் 'ஸ்தோத்திர ரத்ன'த்தில் சரணம் புகும் சுலோகத்தை, என்னிடம் தர்மம் இல்லை, ஆத்ம ஞானம் இல்லை, பக்தியும் இல்லை என்றுதான் ஆரம்பிக்கிறார். கையில் ஒன்றும் இல்லை, போக வேறு இடமும் இல்லை என்பதுதான் அவர் காட்டும் தகுதி. அந்த இரண்டும் உங்களுக்கு இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் சொல்ல முடியாது. இப்போதைக்குப் போக வேறு இடங்கள் நிறைய இருப்பதாகத் தோன்றினால், அவசரப்பட வேண்டாம்.

ஆசார்யரைத் தேடிப் போவதாக இருந்தால், நீங்கள் கேட்ட இதே கேள்வியை, இதே எரிச்சலோடு அவரிடமும் கேளுங்கள். கீதையில் அர்ஜுனனும் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். 'என்னை ஒருவனையே சரணம் அடை' என்ற சுலோகம் 18ஆம் அத்தியாயத்தில் 66ஆவது. அதற்கு மூன்று சுலோகம் முன்னால், 63இல், "சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இதை முழுக்க ஆராய்ந்து பார், பிறகு உனக்கு எப்படி இஷ்டமோ அப்படிச் செய்" என்கிறான் கண்ணன். ஆராய்ந்து பார்க்க உங்களுக்கு நேரம் கொடுக்காதவர் என்றால், பிரசாதத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.